மேடையில் எறிந்த களி

ராமக்காளுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. பாத்திரம் தேய்க்கிற கைதான் வேகம் எடுக்கும். தருமபுரிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், நாடகத் துறைக் கட்டடத்தின் பின்பக்கம் அவள் நடத்துகிற கேன்டீனில், போன பங்குனி மாதம் முழுக்க அடிப்பிடித்த பழைய குண்டான்கூடப் பளபளவென்று இருந்தது. சாப்பிட வந்தவர்கள், அக்கா கேன்டீன் மாதிரி சுத்தம் வேறெங்கும் கிடையாது என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எதற்காக இப்படித் தேய்க்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த இடம். மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பது எப்படி என்று அங்கே ஒரு பாடமே நடக்கிறது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு இண்டூரில். வீட்டுக்காரர் மாதுவுக்கு மழையை நம்பிய ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. அதில் வருடத்துக்கு ஒரு வெள்ளாமை, அதுவும் ராகி. ராகி என்றால் விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். களை எடுத்தே இடுப்பு ஒடியும். கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கும். மாது பரண் கட்டி, டார்ச் லைட்டோடு ஒன்றரை மாதம் அங்கேயே கிடப்பார். அறுத்து, அடித்து, தூற்றி, கல் பொறுக்கி, மில்லுக்குச் சுமந்து போய் அரைத்தால்தான் அது மாவு. அந்த மாவில்தான் கேன்டீனில் களி. வாங்கின மாவில் ராமக்காள் ஒரு நாளும் களி கிண்டியதில்லை.

கேன்டீனில் தோசை, சப்பாத்தி, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பெயர் களிக்குத்தான். பதினொரு மணிக்கு உலை வைத்து, அரிசி நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, பானை நகராமல் கவைக்கொம்பால் அழுத்திக்கொண்டு துடுப்பால் அவள் கிண்ட ஆரம்பித்தால் முதுகும் தோளும் சேர்ந்து வேலை செய்யும். ஒரு கட்டி நிற்காது. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்தால் உருண்டை லேசாக ஆடி நிற்கும். வெளியூர்ப் பிள்ளைகள் முதல் நாள் அதைக் கடித்து மெல்லப் பார்ப்பார்கள். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு விழிப்பார்கள். களிக்குப் பல் தேவையில்லை. கிள்ளி, குழி பண்ணி, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும். சின்ன வயதில் பழகாத தொண்டைக்கு அது சுலபத்தில் வராது. சிலருக்கு மூன்று வருடம் படித்து முடித்துப் போகிறவரைக்கும் வந்ததில்லை. ஒருவர் களி சாப்பிடுவதைப் பார்த்தே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ராமக்காள் சொல்லிவிடுவாள். அதில் அவள் தவறியதே இல்லை.

மகளிர் குழு மூலமாக இந்தக் கேன்டீன் அவளுக்குக் கிடைத்து ஒன்பது வருடம் ஆகிறது. வருடா வருடம் ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு நாடகத் துறைத் தலைவர், கேன்டீன் திருப்தியாக நடக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால் ஒன்பது வருடமும் போச்சு. அடுப்பையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் எந்தக் குடும்பம் பிழைத்திருக்கிறது?

இப்போதைய துறைத் தலைவர் ஃபிராங்க்ளின் சார். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஐம்பது வயதை நெருங்குகிறார். கைத்தறி ஜிப்பா, மெல்லிய குரல், வெள்ளைக்காரன் நாட்டுக்கெல்லாம் போய் நாடகம் போட்டுவிட்டு வந்த பேர். கேன்டீனில் அவருக்கு எப்போதும் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு. வந்த புதிதில் ராமக்காள் கேட்டாள்.

"களி ஒண்ணு வெக்கட்டுங்களா சார்?"

"நமக்கு அதெல்லாம் பழக்கம் இல்லைம்மா" என்றார்.

சரி, சென்னைக்காரர் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த ஒரு பதிலை அவள் நம்பியதுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் ஆரம்பம்.

மாசி நடுவில் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'சென்னை மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை விருந்து' என்று நகைச்சுவை நாடகம். இரண்டு நாள் கழித்து சில்வியா வந்தாள். கடைசி வருட மாணவி. மேடைக்கு வேண்டிய பொருட்களையெல்லாம் சேகரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு.

"அக்கா, ஒத்திகைக்கு தெனமும் சாயங்காலம் நாலு களி வேணுங்க. சூடா, ஆவி பறக்கற மாதிரி. அப்படியே ஒரு பழைய துடுப்பு இருந்தாலும் குடுங்க, சமையக்கட்டு சீனுக்கு."

ராமக்காளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் பசியோடு ஆடுகிறார்கள், பீசா பர்கர் என்று அலையாமல் களி கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். களி மட்டும் எப்படி இறங்கும்? கேட்காமலேயே தூக்குப்போசியில் அவரைக்கொட்டைக் குழம்பும் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் பாத்திரம் திரும்பி வந்தது. களி இல்லை, குழம்பு அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு அவரைக்கொட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த நாள் கீரை கடைந்தாள். அதுவும் அப்படியே வந்தது. கொள்ளுச் சாறு வைத்தாள். தக்காளியில் கருவாடு போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு நாளில் ஒன்பது விதக் குழம்பு. தன் மகன் சொன்னால்கூட இத்தனை விதம் வைத்திருக்க மாட்டாள். குழம்பு திரும்பி வந்த ஒவ்வொரு நாளும், கைப்பக்குவம் எங்கே தப்பியது என்று பஸ்ஸில் போகும்போதும் யோசித்துக்கொண்டே போனாள்.

பதிமூன்றாவது நாள் அந்தத் தூக்குப்போசி அவளுக்கு வீட்டுக்குத் தேவைப்பட்டது. ஆறு மணி ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சில்வியாவைக் காணவில்லை. சரி, தானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திகை ஹாலுக்குப் போனாள்.

உள்ளே யுவராணி என்ற பெண் இடுப்பில் தலையணை கட்டிக்கொண்டு மாமியாராக நடந்துகொண்டிருந்தாள். மாதவராஜ் என்ற பையன் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. மாமியார் களியை வைக்கிறாள். மாப்பிள்ளை கடிக்கிறான், மெல்லுகிறான், தாடை பூட்டிக்கொள்கிறது. பல்லைப் பிடுங்கி எடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு உருண்டையைத் தூக்கித் தரையில் எறிகிறான். மச்சான்கள் ஓடிவந்து அதை எடுக்கிறார்கள். ஒருவன் பந்து போடுகிறான், ஒருவன் அடிக்கிறான். மட்டையாக அவன் கையில் இருந்தது ராமக்காளின் பழைய துடுப்பு. முதல் களி சுவரில் அப்பியது. இரண்டாவது அந்தரத்திலேயே உடைந்து மூன்று பக்கமும் சிதறியது. ஓடுகிற பிள்ளைகளின் காலில் மிதிபட்டுத் தரையெல்லாம் கறுப்புக் கறுப்பாக இழுபட்டுக் கிடந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓரத்தில், மூடிகூடத் திறக்காமல், அவளுடைய குழம்பு.

ராமக்காளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது. களியை எறிந்ததைவிட, பன்னிரண்டு நாள் இதற்குப் போய்க் குழம்பு மாற்றி மாற்றி வைத்தோமே என்பதுதான் முதலில் சுட்டது.

ஃபிராங்க்ளின் சார் அவளைப் பார்த்துவிட்டார். "வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு சின்னப் பிரச்சினை. உங்க களி ரொம்ப மிருதுவா இருக்கு. அடிச்சா உடைஞ்சு போயிடுது. உருண்டு ஓடணும். மாவைக் கூடப் போட்டு இறுக்கமாப் பண்ண முடியுமா?"

"புள்ளைங்க சாப்புடறதுக்குன்னு நெனச்சேனுங்க சார்."

"சாப்பிடற சீனும் இருக்கே."

"சாப்புடற பொருளுங்க. கீழ போடாம ஆடக் கூடாதுங்களா? களிமண்ணுல பண்ணிக்கலாமுங்களே."

"மண்ணுல ஆவி வராதேம்மா" என்று சிரித்தார். "அந்த ஆவியைப் பார்த்துட்டு, அது பந்தா மாறும்போதுதான் ஜனங்க சிரிப்பாங்க. இது கிண்டல் இல்லை. நம்மை நாமே பார்த்துச் சிரிச்சுக்கறோம், அவ்வளவுதான்."

நம்மை நாமே என்று அவர் யாரைச் சேர்த்துச் சொன்னார் என்று ராமக்காளுக்கு விளங்கவில்லை. சிரித்தவர்கள் ஒரு பக்கம், சிரிக்கப்பட்டது இன்னொரு பக்கம் என்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்த வார்த்தையைச் சில்வியாதான் தடுத்தாள். வெளியே கூட்டிவந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, சார்கிட்ட எதுவும் பேசிடாதீங்க. உங்க கேன்டீன் லெட்டர் அவரு மேசைலதான் இருக்கு. நான் பாத்தேன், இன்னும் கையெழுத்துப் போடல."

அன்றைக்கு ஆறு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் மீன் வறுவல் வாசத்துக்காகப் போகிற சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் இறுக்கமான களி கிண்டினாள். கட்டி தட்டியது. வேகாத மாவு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. முப்பது வருடமாக இப்படி ஒரு களி தன் கையிலிருந்து இறங்கிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கிண்டிய கை அது. அந்தக் கையைக் கெட்ட களி கிண்ட வைத்துவிட்டார்கள். சில்வியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: கீழே விழுந்ததையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட வேண்டும், மாட்டுக்காவது ஆகும். சில்வியா தவறாமல் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது.

ராமக்காள் மனதுக்குள் சாருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டாள். அவர் சென்னைக்காரர். ராகியைக் கதிரில் பார்த்திருக்க மாட்டார். தெரியாதவரை என்ன சொல்வது? ஆனால் மாதவராஜை அவளால் விட முடியவில்லை. அவனுக்குத் தீர்த்தமலை அடிவாரத்துக் கிராமம். தினமும் மத்தியானம் இரண்டு களி, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு நாள் அவன் தட்டுக்கு எதிரில் போய் நின்றாள்.

"உங்க வூட்ல களி கீழ வுழுந்தா என்னா பண்ணுவீங்க சாமி?"

அவன் தட்டையே பார்த்தான். "எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவோமுங்கக்கா."

"அப்பறம்?"

"சார் சொல்றாருக்கா. மார்க் அவருதான போடணும்."

அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? மேசையில் கிடக்கிற கடிதத்துக்காக அவள் கிண்டுகிறாள், மார்க்குக்காக அவன் எறிகிறான். கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் அவள் அண்டாவைத் தேய்த்தாள்.

நாடகம் பங்குனி இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம். சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். பெற்றவர்களும் உறவும் பஸ் பிடித்து வந்து ஹாலை நிறைத்திருந்தார்கள். இண்டூரிலிருந்து பக்கத்து வீட்டு பானுமதி வந்திருந்தாள். களி சூடாக மேடைக்குப் போக வேண்டும் என்பதால் ராமக்காளை மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் தூக்கோடு நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

மாமியார் களியை வைத்தாள். ஆவி பறந்தது. ஹாலில் லேசாகச் சிரிப்பு. மாப்பிள்ளை தாடை பூட்டிக்கொண்டபோது பெரிய சிரிப்பு. அது நியாயமான சிரிப்புதான், ராமக்காளுக்கே வந்தது. அவன் களியைத் தரையில் எறிந்தான். ஹால் ஒரு நொடி அடங்கிப்போனது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உச்சுக்கொட்டினார். மச்சான்கள் துடுப்போடு ஓடிவந்தார்கள். இறுக்கிக் கிண்டிய களிதான், ஆனாலும் மூன்றாவது அடியில் பிளந்தது. பாதி உருண்டு வந்து மேடை நடுவில் நின்றது. மாதவராஜ் கேட்ச் பிடிக்கிற பாவனையில் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுடைய பூட்ஸ் கால் இன்னும் இரண்டு எட்டில் அதன் மேல் இறங்கிவிடும்.

ராமக்காள் யோசிக்கவில்லை. நடந்துபோய்க் குனிந்து அதை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையில் போட்டு, சிதறிக் கிடந்த துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு, "காலுக்கடியில பாத்து நட சாமி" என்றாள்.

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. அன்றைய சாயங்காலத்திலேயே பெரிய சிரிப்பு. கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். வெளிச்சத்தில் கண் கூச, அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரே இருட்டில் நூற்றுக்கணக்கான பல் தெரிந்தது. இவர்களில் பாதிப் பேர் வீட்டில் அன்றைக்கு அடுப்பில் களிதான். கீழே விழுந்தால் இவர்களும் எடுத்துக் கண்ணில்தான் ஒற்றிக்கொள்வார்கள். அதை ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில் செய்தால் மட்டும் வேடிக்கையாகிவிடுமா?

அவளை நடிகை என்று நினைத்துவிட்டார்கள். அதுதான் நடந்தது. அவள் உண்மையாகச் செய்த ஒரே காரியத்தை அந்த நாடகத்தின் உச்சபட்ச ஜோக்காக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலைக்குள் அது வீடியோவாக இண்டூர் முழுக்கச் சுற்றிவிட்டது. "சொல்லவே இல்லையே ராமக்கா, என்னமா நடிச்சிருக்க" என்று பானுமதி வாசலில் நின்று மெச்சினாள். மாது போனை வாங்கிப் பார்த்தார். ஒரு முறைதான் பார்த்தார்.

"நம்ம ராகியா அது?" என்று கேட்டார்.

அவள் குண்டானை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் டார்ச் லைட்டை எடுத்து, பேட்டரியைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார்.

"பன்னியாவது பசிக்குத் தின்னுச்சு."

திங்கட்கிழமை ஃபிராங்க்ளின் சார் கேன்டீனுக்கே தேடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, நாடகத்துல என்ன குறையுதுன்னு ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு நிமிஷத்துல செஞ்சுட்டீங்க. அடுத்த வாரம் சென்னை நாடக விழாவுக்குத் தேர்வு பண்ண ரெண்டு பேர் வர்றாங்க. அதே மாதிரி வந்து பொறுக்கிடுங்க. நோட்டீஸ்ல உங்க பேரைப் போடறேன். சென்னைக்கும் கூட்டிக்கிட்டுப் போறோம்."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க சார்."

"நடிக்கவே வேண்டாம். அன்னைக்குச் செஞ்ச மாதிரி செஞ்சாப் போதும்."

"அன்னிக்கு அது கீழ வுழுந்துச்சு, எடுத்தேன். நாளைக்கு நான் எடுக்கணும்னே நீங்க கீழ போடுவீங்க. அது எப்படிங்க எடுக்கறது?"

அவர் அதை ரசித்துக் கேட்டார். அதற்கும் சிரித்தார். போகும்போது, "உங்க லெட்டர் கூட நிக்குது இல்ல, இந்த வாரம் பார்த்துடலாம்" என்றார். மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை என்றுதான் சில்வியா சாதித்தாள். இருக்கலாம். மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் மெதுவாகப் பேசுவார்கள்.

ராமக்காள் போகவில்லை. களியும் கொடுத்தனுப்பவில்லை. "மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கிண்டுவேன். அதுக்கு மேல என் கை ஓடாது, சார்கிட்டச் சொல்லிடு கண்ணு" என்று சில்வியாவிடம் சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டு, குழு புத்தகத்தையும் தன் சாமான் சட்டிகளையும் ஒரு பக்கமாக எடுத்து வைத்தாள். கேன்டீன் போனால் போகட்டும் என்று வாயால் சொல்வது சுலபம். அன்று சாயங்காலம் அடுப்பு மேடையைத் துடைக்கும்போது கண் கலங்கத்தான் செய்தது. ஒன்பது வருட அடுப்பு.

அடுத்த வார வெள்ளிக்கிழமை காலை அவள் இல்லாமலேயே நாடகம் நடந்தது. களிக்குப் பதிலாகப் பிளாஸ்டர் உருண்டை செய்து, அதற்கு அடியில் ஏதோ புகைமருந்து வைத்து ஆவி வரவழைத்தார்களாம். யுவராணி அவசரமாகத் தலையணையைக் கழற்றி எறிந்துவிட்டு, ராமக்காளைப் போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்து, களியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். கூன் போட்டு நடந்தாளாம். ராமக்காளுக்குக் கூன் கிடையாது. சிரிப்பு கேன்டீன் வரைக்கும் கேட்டது. அவள் துடுப்பை நிறுத்தவில்லை. அன்றைய களி எப்போதும்போல் ஒரு கட்டி இல்லாமல் இறங்கியது.

பன்னிரண்டரைக்கு ஃபிராங்க்ளின் சார் சென்னை விருந்தாளிகள் இருவரோடு வந்தார். மேசை நிறையப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாதவராஜ் ஒரு மூலையில் இருந்தான். "இவங்கதான் அந்த ஒரிஜினல்" என்று சார் அறிமுகம் செய்தார். விருந்தாளிகளில் கண்ணாடி போட்டிருந்தவர், "ஓ, இவங்கதானா" என்று அதற்குள்ளேயே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

ராமக்காள் மூன்று தட்டு வைத்தாள். மூன்றிலும் களி, கீரைக் கடைசல். சாருடைய தட்டிலும்.

"எனக்குச் சப்பாத்தி போதும்மா."

"இருக்கட்டுங்க சார். எறிங்க."

அவருக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"களிய எறிங்க. சாரெல்லாம் பாக்கட்டும். நான் வந்து பொறுக்கறேன். காலைல யுவராணி பொறுக்குனது செரியா வந்துச்சோ இல்லையோ. சிரிக்கறதுக்கு ஆளு இருக்காங்க, எறிங்க."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. கேன்டீனில் எல்லாக் கையும் தட்டிலேயே நின்றுபோனது.

"அது நாடகம்மா" என்றார் சார்.

"நீங்க ஆடுனது நாடகம், செரிங்க. நான் பொறுக்குனது நாடகம் இல்லீங்களே. அதுக்குத்தான சிரிச்சாங்க? இப்ப அதையும் நாடகமாக்கி சென்னைக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க. என்னைக் கேக்காமயே எடுத்துக்கிட்டுப் போங்க, வேணாங்கல. ஆனா இங்க ஒரு தடவ எறிஞ்சு காட்டிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் நிலைமையைச் சமாளிக்க நினைத்துக் களியில் ஒரு வாய் கடித்து மென்றார். தாடை ஒட்டிக்கொண்டது. மேடையில் மாப்பிள்ளை செய்த அதே கோணல். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

ஃபிராங்க்ளின் சார் இந்தக் காட்சியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கிள்ளினார். கட்டைவிரலால் குழி பண்ணினார். கீரையில் தோய்த்து வாயில் போட்டார். தாடை அசையவில்லை. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அடுத்த வாய். அடுத்தது. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. பாதி உருண்டை தீர்ந்த பிறகுதான் எதிரில் ஒருத்தி தன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார்.

"சாருக்கு எந்த ஊருங்க?" என்று ராமக்காள் கேட்டாள்.

அவர் பதில் சொன்னபோது அந்த மெல்லிய சென்னைக் குரல் இல்லை. "பாலக்கோட்டுப் பக்கமுங்க."

"அப்பா என்னா பண்ணாருங்க?"

"அல்போன்ஸ்னு பேரு. வெவசாயந்தான்." விரலில் ஒட்டிய களியை வழித்தபடி, "ராகி" என்றார்.

ராமக்காளுக்கு அதுவரை இருந்த கோபம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது வந்ததுதான் கோபம். ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னாள்.

"சென்னைக்காரரு, ராகின்னா என்னன்னு தெரியாமப் பண்றாருன்னு இத்தன நாளா உங்களுக்காக நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். பல்லு படாம முழுங்கறீங்க. உங்க வூட்லயும் கீழ வுழுந்தா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் எறியச் சொல்லியிருக்கீங்க."

அவர் தட்டில் இருந்த மிச்சக் களியையும் முழுங்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் நடந்து போனார். மூலையில் மாதவராஜ் தலையைத் தூக்கவேயில்லை.

கடிதம் திங்கட்கிழமை கையெழுத்தோடு வந்தது. சில்வியாதான் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கப்பட்டுப் போட்டாரா, நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்று போட்டாரா என்று ராமக்காள் ஆராயவில்லை. வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லி அனுப்பவில்லை. நாடகம் சென்னைக்குப் போனது. பொறுக்குகிற காட்சியை நீக்கவில்லையாம். அங்கேயும் அதற்குத்தான் பெரிய கைதட்டலாம். அவள் சொன்ன ஒரு சொல்லால் உலகம் திருந்திவிடும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் கோபம் ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அண்டா இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறது.

ஃபிராங்க்ளின் சார் இப்போதும் மத்தியானம் கேன்டீனுக்கு வருகிறார். சப்பாத்தி என்று ஆரம்பிப்பார். ராமக்காள் காதில் வாங்காமல் களியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்கு எதிரிலேயே நிற்பாள். அவர் கிள்ளி, குழி பண்ணி, தோய்த்து முழுங்குவார். தட்டு காலியாகிறவரை அவள் அங்கிருந்து நகர்வதில்லை.